தொழுவத்தைத் தையலறை ஆக்கியபோது: சுவர் ஓதத்துக்குச் செய்த இரண்டு வேலைகள் பற்றி

இதை எழுத உட்காரக் காரணம் ஒரு பட்டு ரவிக்கைத் துணி. 2021 நவம்பரில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து தைக்கக் கொடுத்தது, மயில்கழுத்து நிறம். அலமாரியில் சுவர்ப் பக்கமாக நாலு நாள்தான் இருந்தது. எடுத்துப் பிரித்தால் மடிப்பு ஓரம் முழுக்க மிளகு தூவினமாதிரி கரும்புள்ளி. துணிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டேன், அந்தப் பெண்ணின் அம்மாவும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் அப்புறம் என்னிடம் தைக்கக் கொடுக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் அது.

நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் நடுவில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு தொழுவம், மாமனார் காலத்தில் நாலு மாடு நின்ற இடம். செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, ஒன்பது அங்குலக் கனம், மேலே மங்களூர் ஓடு. மாட்டைக் கொடுத்து வருஷக்கணக்கில் விறகும் தேங்காயும் போட்டு வைத்திருந்தோம். 2021 தொடக்கத்தில் அதைத் தையலறை ஆக்கினோம். பழைய கல்தளத்தின் மேலேயே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள், சுவரைக் கொத்திச் சிமெண்டு பூசினார்கள், பட்டி பார்த்து வெளிர் பச்சையில் எமல்ஷன் அடித்தார்கள், ஓட்டுக்குக் கீழே பிவிசி சீலிங். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஜூன் மழையில் சுவரின் அடியில் பெயிண்ட் கொப்புளம் போட்டது. நவம்பரில், மாவட்டமே வெள்ளத்தில் நின்ற அந்த வாரத்தில், இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் கறுத்துவிட்டது.

எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வருகிறது, இடவப்பாதி என்கிற ஜூன் மழை ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. சென்னையிலோ மதுரையிலோ ஒரு சுவர் நனைந்தால் காய்வதற்கு மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். இங்கே ஒரு மழையில் நனைந்தது காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆகவே வேறு ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் அந்த வித்தியாசத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூப்பிட்டது வாட்டர்புரூஃபிங் செய்கிற ஒரு கம்பெனியை. பெயர் வேண்டாம். 2022 ஜனவரியில் இரண்டு பேர் வந்தார்கள், நல்ல உடை, கையில் ஈரம் அளக்கிற மீட்டர். சுவரில் இரண்டு ஊசியையும் குத்தினதும் மீட்டர் கத்தியது. இதோ பாருங்கள் மேடம், சுவர் முழுக்கத் தண்ணீர் என்றார்கள். உள்பக்கம் நாலு அடி உயரத்துக்குப் பூச்சைச் சுரண்டிவிட்டு, பொடியும் திரவமும் கலந்து அடிக்கிற சிமெண்டு பாலிமர் பூச்சு இரண்டு கோட், அதன்மேல் பட்டி, பிரைமர், பெயிண்ட். 42,000 ரூபாய், பத்து வருஷம் வாரண்டி. நாலே நாளில் முடித்துச் சுத்தமாகத் துடைத்தும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலை செய்த பையன்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சொன்னதைச் சொன்ன மாதிரி செய்தார்கள். சொல்லப்பட்டதே தப்பு.

அந்த வருஷம் அக்டோபரில் நாலு அடிக்கு மேலே, அவர்கள் பூசி நிறுத்திய கோட்டுக்குச் சரியாக ஒரு சாண் உயரத்தில், புதிதாக ஒரு ஈரப்பட்டை கிளம்பியது. சுவர் நெடுக, அரைஞாண் கட்டினமாதிரி. கீழே பூசின இடம் தட்டினால் டொக் டொக்கென்று பொக்கைச் சத்தம் வந்தது. நவம்பரில் ஒரு இடத்தில் தானாகவே தட்டு தட்டாகப் பெயர்ந்து விழுந்தது, பின்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு, பஞ்சுபோல் முளைத்திருந்தது. போன் செய்தேன். வாரண்டித் தாளை வாசித்துக் காட்டினார்கள்: தரையிலிருந்து ஏறுகிற ஓதத்துக்கு அது பொருந்தாதாம். எனக்கு இருந்ததே அந்த ஓதம்தானே என்றேன். மறுபடி பார்க்க ஆள் அனுப்புகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் தணியவில்லை.

அப்புறம்தான் கொத்தனார் அண்ணாச்சி. இந்த விமர்சனம் முக்கியமாக அவர் வேலையைப் பற்றியதுதான். அறுபதைத் தாண்டியவர், பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு வேலை செய்கிற கையில் எண்ணக்கூடிய ஆட்களில் ஒருவர். பெயரும் நம்பரும் இங்கே போட அவர் சம்மதிக்கவில்லை. போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி, "அங்க இப்ப மழ பெய்யுதா?" இல்லை என்றேன். "அப்ப பெய்யும்போ கூப்பிடு மக்ளே, வாறேன்" என்று வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து நல்ல மழையில் கூப்பிட்டேன், குடையோடு வந்தார். நான் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுக் காத்திருக்கிறேன், அவர் உள்ளேயே வரவில்லை. வெளியே சுற்றிச் சுற்றி வந்தார். தோப்புப் பக்கம் போய் நின்றார், ஓட்டு விளிம்பை அண்ணாந்து பார்த்தார், முற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று ஒரு காய்ந்த மாவிலையைப் போட்டுப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்து சுவரைத் தொட்டார்.

அவர் அன்றைக்குக் காட்டியதை எல்லாம் நான் அதுவரை தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். மேற்குச் சுவருக்கு வெளியே தென்னந்தோப்பு, அங்கேதான் பழைய உரக்குழி. குழியை மூடும்போது மண்ணைச் சுவரோடு சேர்த்தே குவித்துவிட்டோம், வெளியே மண்மட்டம் உள்ளே தரையைவிட ஒன்றரை அடி மேலே இருந்தது. கிழக்கே முற்றம். 2019-ல் பேவர் கல் பதித்தோம், அதில் நாலு அங்குலம் உயர்ந்து, வாட்டமும் தொழுவத்தைப் பார்த்து விழுந்துவிட்டது. கூரையின் இரண்டு பக்க விளிம்பிலும் தண்ணீர் பிடிக்கப் பாத்தி கிடையாது, சொட்டுகிற தண்ணீர் தரையில் மோதித் தெறித்து சுவரின் முதல் ஒன்றரை அடியை மழை பெய்கிற நேரமெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தது. வடக்கே சமையலறைச் சுவரோடு ஓட்டுக்கூரை சேருகிற இடத்தில் சிமெண்டை உருட்டி வைத்து அடைத்திருந்தார்கள், அது வெடித்து ஒரு காசு நுழைகிற அளவுக்கு விரிசல். அதன் வழியாக இறங்கின தண்ணீர் பிவிசி சீலிங்குக்கு மேலே யார் கண்ணிலும் படாமல் சுவரின் தலையில் ஊறியிருக்கிறது. சீலிங் போட்ட நாளிலிருந்து நாங்கள் ஓட்டை அண்ணாந்து பார்க்கவே இல்லை. முன்பெல்லாம் ஒழுகினால் உடனே தெரியும், ஒரு சட்டியை வைப்போம், மறுநாள் ஓட்டை மாற்றுவோம்.

ஆக, ஒரு ஈரம் இல்லை, நாலு ஈரம். இதில் ஒன்றுக்காவது உள்பக்கம் அடிக்கிற பூச்சு பதில் சொல்லுமா என்று நீங்களே யோசியுங்கள்.

தரையிலிருந்து ஏறுகிற ஓதம் எப்படி என்றால், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரிதான். செங்கலிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், அதன் வழியாக மண்ணின் ஈரம் மேலே ஏறும். பெரும்பாலும் மூன்று நாலு அடியோடு நின்றுவிடும், ஏனென்றால் ஏறுகிற ஈரமும் காற்றில் காய்கிற ஈரமும் அந்த உயரத்தில் சமமாகிவிடும். வீடு கட்டும்போது தளமட்டத்தை மண்ணிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயர்த்தி, அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் ஏறாத ஒரு கான்கிரீட் பட்டை போடுவது இதற்காகத்தான். தொழுவத்துக்கு யார் அதைப் போட்டார்கள்? அதற்குத் தேவையும் இல்லை அப்போது, சுண்ணாம்புச் சுவர், கதவில்லாத வாசல், ஓட்டு இடுக்கில் காற்று. ஏறின ஈரம் ஏறின வேகத்தில் காய்ந்தும் போயிற்று. நாங்கள் சிமெண்டு பூசி, டைல்ஸ் ஒட்டி, கதவு ஜன்னல் வைத்து, காய்கிற வழி எல்லாவற்றையும் மூடினோம். ஈரம் வருவது நிற்கவில்லை, போவதுதான் நின்றது. அந்தக் கம்பெனி நாலு அடிக்கு இன்னும் இறுக்கமாக மூடினபோது அது மூடாத இடம் தேடி மேலே ஏறிவிட்டது.

தொழுவத்துக்கே உரிய இன்னொரு தொல்லை இருக்கிறது, மற்றக் கட்டடங்களில் இவ்வளவு இருக்காது. அது உப்பு. வருஷக்கணக்கில் மாட்டு மூத்திரம் ஊறின மண்ணிலும் சுவரடியிலும் நைட்ரேட் உப்பு சேர்ந்திருக்கும். அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை இந்த மாதிரித் தொழுவ மண்ணைக் கரைத்துக் காய்ச்சித்தான் எடுத்தார்களாம், அண்ணாச்சி சொல்லித் தெரிந்துகொண்டது. இந்த உப்புகளில் சில காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும், நம் வீட்டுக் கல்லுப்பு மழைக்காலத்தில் கசிகிற மாதிரி. அதனால் தரையிலிருந்து ஒரு சொட்டு ஏறாவிட்டாலும் ஐப்பசி மாதத்தில் அந்தச் சுவர் ஈரமாகத்தான் தெரியும். காய்கிற காலத்தில் உப்பு படிகமாக வளர்ந்து, மேலே என்ன பூச்சு இருந்தாலும் பெயர்த்துத் தள்ளும். அந்த ஊசி மீட்டர் கத்தியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அது அளப்பது சுவரில் மின்சாரம் எவ்வளவு லேசாகப் பாய்கிறது என்பதை, உப்பு இருந்தாலே அது எகிறிவிடும். மீட்டரைக் காட்டி யாராவது வேலை பேசினால், தொழுவச் சுவர் இது, உப்பு எவ்வளவு என்று பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, வேலைக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் தொடங்குவதாகச் சொன்னார், ஒரு உறவுக் கல்யாணம், ஒரு கோயில் கொடை என்று மூன்று வாரம் தள்ளிப்போய்விட்டது. தள்ளிப்போவதை அவர் ஒரு தடவைகூடத் தானாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன். அவரைக் கூப்பிடுகிறவர்கள் இதற்குத் தயாராக இருங்கள்.

தொடங்கினது வெளியே. மேற்குப் பக்கம் 20 அடி நீளத்துக்கும் மண்ணை வெட்டி இறக்கினார்கள், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு காண், அதாவது வாய்க்கால், அதன் அடிமட்டம் உள்தரைக்கு ஒரு அடி கீழே. அதில் நாலு அங்குல பிவிசி பைப், கீழ்ப்பக்கம் பார்த்து வரிசையாக ஓட்டை போட்டது, மண் புகாமலிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றியது. நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம், டியூப் மட்டம் பிடித்துத்தான் வைத்தார், கண் அளவில் விடவில்லை. தோப்பின் தாழ்ந்த மூலையில் ஒரு தென்னையடியில் கொண்டுபோய் விட்டார். பைப்பைச் சுற்றியும் மேலேயும் ஒன்றரை இஞ்சு ஜல்லி, மேலே திறந்தே கிடக்கிறது. இதன்மேல் கான்கிரீட் போட்டுவிட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்றேன். "சொவரு மூச்சு விடாண்டாமா" என்றார்.

கிழக்கேயும் தெற்கேயும் அவரே கான்கிரீட் போட்டார். முற்றத்துப் பேவர் கல்லில் மூன்றடி அகலத்தை எடுத்துவிட்டு மட்டத்தை இறக்கி, இரண்டரை அடியில் சுவரடித் தளம், வெளிப்பக்கம் ஒரு அங்குலம் வாட்டம், முற்றத்துத் தண்ணீரைத் திருப்ப ஓரமாக ஒரு சின்ன ஓடை. இதில் டாக்டர் ஃபிக்ஸிட் எல்டபிள்யூ பிளஸ் என்கிற நீர்த்தடுப்புத் திரவம் சேர்த்தார், 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 200 மில்லி, கலவைத் தண்ணீரில் கலந்து. இந்த இடத்துக்கு அது நல்ல பொருள், விலையும் பெரிதில்லை, இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தளத்தில் தண்ணீர் உறிஞ்சின கறை ஒன்றுகூட இல்லை. புதிதாகப் போடுகிற கலவையோடு சேர்க்கத்தான் அது, ஏற்கெனவே ஓதம் ஏறின சுவரின்மேல் தடவுகிற மருந்து இல்லை. கடையில் போய் ஓதத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்றால் கையில் எது இருக்கிறதோ அதைத் தருகிறார்கள். எங்கே ஈரம், எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்காத கடையில் வாங்காதீர்கள்.

கூரைக்கு இரண்டு விளிம்பிலும் பிவிசி பாத்தி, இறக்குக் குழாய், அது கிணற்றடி ஓடைக்குப் போகிறது. உடைந்த ஓடு 30 மாற்றினார், பழைய வீடு இடித்த இடத்திலிருந்து தானே தேடிக் கொண்டுவந்தார், இப்போது வருகிற ஓட்டின் கொக்கி பழைய ஓட்டோடு சரியாக உட்காராது. பேசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொடங்கின ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவம் இது, ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டினால் சாதாரண மழை உள்ளே வராது, கொக்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் அவ்வளவுதான். சமையலறைச் சுவர் சேருகிற இடத்தில் சிமெண்டு உருட்டலை உடைத்து எறிந்துவிட்டு, சுவரில் ஒரு அங்குலம் ஆழத்துக்குக் காடி எடுத்து, அலுமினியத் தகட்டின் ஓரத்தை அதற்குள் செருகி அடைத்து, மறு ஓரத்தை ஓட்டின்மேல் அரை அடி படிய விட்டார். வெயிலில் ஓடு நகரும், சுவர் நகராது, இரண்டையும் சிமெண்டால் ஒட்டினால் எத்தனை தடவை ஒட்டினாலும் வெடிக்கும். பிவிசி சீலிங்கில் இரண்டு பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து கொடுத்தார், மழை நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ள.

உள்சுவர்தான் நீண்ட வேலை. ஈரம் தெரிந்த கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி சேர்த்து, ஆறு அடி வரைக்கும் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தார்கள், கம்பெனியின் பூச்சு, சிமெண்டு, செங்கல் இடுக்கில் முக்கால் அங்குலம் ஆழத்துக்குப் பழைய சாந்தும். கொத்தின குப்பையைத் தோப்பில் கொட்டப்போன கையாளை ஓடிப்போய் நிறுத்தினார். அதில் இருக்கிற உப்பு மழையில் கரைந்து திரும்ப இதே சுவருக்குத்தான் வரும் என்று மூட்டை கட்டி வெளியே அனுப்பினார். சுவரைக் கழுவவும் விடவில்லை, காய்ந்த தேங்காய்நார் பிரஷால் தேய்த்து, விழுந்த தூளைப் பெருக்கி அள்ளச் சொன்னார், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

அப்புறம் ஒரு வேலை செய்தார், இதற்காகவே அவருக்குக் கூடக் கொஞ்சம் பணம் கொடுக்கலாம். சுண்ணாம்பு குறைவாக, மணல் அதிகமாக, வேண்டுமென்றே பலமில்லாமல் ஒரு மெல்லிய பூச்சு பூசினார். அது நிற்பதற்காக இல்லை. சுவர் காயும்போது உப்பும் ஈரத்தோடு வெளியே வரும், வந்து இந்தப் பூச்சில் தங்கும், பிறகு பூச்சையே உப்போடு கொத்தி எறிந்துவிடுவது. பிப்ரவரியிலிருந்து மே வரை அப்படியே விட்டார். மார்ச்சில் பார்த்தால் சுவர் முழுக்க வெள்ளைப் பூப்பூத்து நின்றது. ஈரச் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு, எங்கள் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம், அவ்வளவு காலம் தையலை நிறுத்தி வைக்க முடியாது, ஆகவே நாலு மாதத்தில் நிறுத்திக்கொண்டோம். அந்த நாலு மாதமும் வீட்டு வராந்தாவில் மிஷினைப் போட்டுத் தைத்தேன். வீட்டில் யாருக்கும் அது சுலபமாக இல்லை.

மே கடைசியில் பழையதைக் கொத்திவிட்டு நிஜப் பூச்சு. நீற்றி ஊற வைத்த சுண்ணாம்பு, செங்கல் பொடி, கழுவின ஆற்று மணல், கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு வாரக்கணக்கில் ஊறின தண்ணீர். அந்த நாற்றத்தைச் சொல்லியாக வேண்டும், கொல்லைப் பக்கம் பத்து நாள் நடமாட முடியாது, பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று கோட், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாள்கணக்கில் இடைவெளி, கோணி நனைத்துத் தொங்கவிட்டு மெதுவாகக் காய வைத்தது. மேலே எமல்ஷன் கூடாது, பட்டி கூடாது, சுண்ணாம்பு வெள்ளைதான். வெளிர் பச்சை வேண்டுமென்று நான் கேட்டதற்குச் சுண்ணாம்பிலேயே கலர்ப்பொடி கலந்து ஏறக்குறைய அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைப் பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்பு வேலை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று, இந்தச் சுவரில் சாய்ந்தால் முதல் சில மாதம் சட்டையில் வெள்ளை ஒட்டும். தையலறைக்கு இது சிறிய விஷயம் இல்லை. துணி அடுக்குகிற அலமாரிகளைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்திவிட்டேன், காற்றும் போகிறது, வெள்ளையும் ஒட்டவில்லை.

செலவு: காண், பைப், ஜல்லி, சுவரடித் தளம் எல்லாம் சேர்த்து 19,000. கூரைக்கு 12,000. சுவருக்கு இரண்டு பூச்சும் கொத்தும் கூலியும் 38,000. ஆக 69,000 ரூபாய், கம்பெனிக்குக் கொடுத்ததைவிட 27,000 அதிகம், பில் கிடையாது, வாரண்டி கிடையாது. ஒரு மழை முடிந்ததும் தானே ஒரு தடவை வந்து பார்த்தார், அது போதும் எனக்கு. கையாட்கள் சமையலறை வெளிச்சுவரில் சுண்ணாம்பு தெறித்ததைத் துடைக்காமலே போய்விட்டார்கள், நான் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அவர்கள் கையுறை இல்லாமல் சுண்ணாம்பில் வேலை செய்தார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாளே நான் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன், ஒருவர் போட்டுக்கொண்டார், ஒருவர் போடவில்லை. உங்கள் வீட்டில் வேலை நடந்தால் கண்ணுக்குக் கண்ணாடியும் சேர்த்து வாங்கி வையுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

இப்போது எப்படி இருக்கிறது? 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் இரண்டு நாள் ராத்திரி நான் டார்ச்சோடு தொழுவத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தோப்பு மூலையில் பைப் வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. அத்தனையும் முன்பு என் சுவருக்குள் போன தண்ணீர். அதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளே கையை வைத்தால் சுவர் குளிர்ச்சி, ஈரம் இல்லை. அதற்குப் பிறகும் எல்லா மழையும் பார்த்தாயிற்று. துணியில் ஒரு புள்ளி வரவில்லை.

முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. தென்மேற்கு மூலையில், மாட்டு மூத்திரம் வடிந்து வெளியே போன பழைய வாய்க்கால் இருந்த இடத்தில், மழைக்காலத்தில் ஒரு முறம் அளவுக்குச் சுவர் கறுக்கிறது, தை மாதத்தில் உப்பு பூக்கிறது. காய்ந்த பிரஷால் தட்டி, தாளில் பிடித்து, வெளியே கொண்டுபோய்ப் போடுகிறேன். இது வரும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார், டைல்ஸைப் பெயர்த்துத் தரைக்கடியில் ஜல்லியும் பாலித்தீன் தாளும் போட்டால் குறையும் என்றும் சொன்னார், அதற்கு அப்போது கையில் பணம் இல்லை. நடுத்தரையில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் ராத்திரி விட்டுப் பார்த்தோம், அடியில் வியர்க்கவில்லை, அதனால் தரையைத் தொடவில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது, சுவரிலும் செய்யலாம். தாளுக்கு உள்பக்கம் ஈரமென்றால் சுவரிலிருந்து வருகிறது, அறையைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் காற்றிலிருந்து படிகிறது. ஆள் கூப்பிடும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

காற்றின் ஈரத்துக்கு வந்தால், அதில் என் பங்கு இருந்தது. ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் மூடின அறையில் நாள் முழுக்க ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றி, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன். 400 ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டியிருக்கிறேன், அறையில் 80-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால்தான் பூஞ்சை பிடிக்கத் தொடங்குகிறது, 70-க்குள் இருந்தால் நிம்மதி. கொட்டுகிற மழையில் ஜன்னலைத் திறந்து போடுவதில் பலனில்லை, வெளியே அதைவிட ஈரம். மழை விட்டு வெயில் அடித்ததும் திறக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கின கையடக்க ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வீண், ராத்திரி முழுக்க ஓடி அரை டம்ளர் தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை, ஒரு பீரோவுக்கு வேண்டுமானால் ஆகலாம், 240 சதுர அடி அறைக்கு ஆகாது. தொங்கவிடுகிற கால்சியம் குளோரைடு பைகள் மூடின பீரோவுக்குள் நன்றாகவே வேலை செய்கின்றன, திறந்த அலமாரியில் ஊரில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துச் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினதும் உடனே எடுங்கள், அந்தத் தண்ணீர் பட்டில் பட்டால் கறை போகாது, மேல்தட்டில் பையை மாட்டிக் கீழ்த்தட்டில் பட்டு வைக்கவே வைக்காதீர்கள்.

சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்துகிற முறைக்கும் ஒருவர் விலை சொன்னார், ரன்னிங் அடிக் கணக்கில். சிமெண்டுச் சாந்தில் ஒழுங்காகக் கட்டின சுவரில் அது பலன் தரலாம். எங்கள் சுவரில் சுண்ணாம்பும் மண்ணும் கலந்து, பாதி இடுக்கு வெற்றிடமாகவே இருந்தது, மருந்து எங்கே போய் நிற்கும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. வெளியே ஒன்றரை அடி மண் அணைத்துக் கிடக்கிறபோது எந்தத் துளையும் உதவாது என்பது இன்னொரு விஷயம். முதலில் மண்ணை இறக்குங்கள்.

அண்ணாச்சிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை குறைத்தது தேதி சொல்லித் தேதிக்கு வராததற்கு. வேண்டுகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன். தை மாதத்துக்கு முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள், மழையில் ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. மே மாதம் கூப்பிட்டால் அவருக்கு நேரமும் இருக்காது, உங்கள் சுவர் காயவும் நாள் இருக்காது.